எங்கள் ஊர்க் காய்ச்சல் கணக்கை எங்களுக்கும் சொல்லுங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் தொற்றுநோய்க் கண்காணிப்புக்கும் தடுப்புக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

கடந்த மாதம் எங்கள் பகுதியில் ஒரு நல்ல வழக்கத்தை நிறுத்திவிட்டீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் சனிக்கிழமைதோறும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நாலைந்து வரி போடுவார். அந்தக் கிழமை எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் எத்தனை டெங்கு, எத்தனை எலிக்காய்ச்சல் (எலிச் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர், சேற்றால் தொற்றுவது), எத்தனை வயிற்றோட்டம் என்ற கணக்கு மட்டும் இருக்கும். நோயாளியின் பெயரோ வீட்டு இலக்கமோ இருக்காது. குழுவில் பாடசாலை அதிபர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தினர், கோவில் பரிபாலன சபைக்காரர்கள், கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்கள், பார்மசிக்காரர்கள், ஓட்டோச் சங்கத் தலைவர், அப்புறம் நான். "உறுதிப்படுத்தாத தரவுகளை வெளியாட்களுக்குக் கொடுக்க வேண்டாம், சனம் தேவையில்லாமல் பீதியடையும்" என்று மேலிருந்து சொன்னார்களாம். அதுவும் வாய்மொழியாக. எழுத்தில் ஒன்றும் இல்லை. அந்தச் சனிக்கிழமையோடு குழு மூடப்பட்டது.

எந்தப் பகுதி, எந்தப் பரிசோதகர் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் முடிவெடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது, அந்தப் பரிசோதகருக்குத்தான் இடமாற்றக் கடிதம் வரும். நம் நாட்டு நிர்வாகத்தில் இவ்வளவு காலம் வாழ்ந்த எவருக்கும் இது தெரியும்.

நான் இந்த நகரத்தில் ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தம் எடுப்பதும், பரிசோதிப்பதும், ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பதும்தான் என் தொழில். நான் வைத்தியரும் அல்ல, தொற்றுநோயியல் படித்தவனும் அல்ல. ஆனால் இந்த ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அது உங்கள் பதிவேட்டுக்கு வருவதற்கு முன்னால் என் மேசைக்கு வருகிறது. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்த மடல்.

காய்ச்சல்காரர் யாரும் முதலில் உங்களிடம் வருவதில்லை. முதல் நாள் பனடோல். இரண்டாம் நாள் மூலைப் பார்மசி, அல்லது மாலையில் பார்க்கிற தனியார் வைத்தியர். மூன்றாம் நாள், "ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாங்க" என்று எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் பிளேட்லட் எண்ணுவோம், டெங்கு அன்டிஜன் (இரத்தத்தில் தெரியும் டெங்குக் கிருமியின் புரதம்) பார்ப்போம். அந்த அன்டிஜன் காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகத் தெரியும், நாள் போகப்போக மறைந்துவிடும். அதாவது நோயை மிக விரைவாக அடையாளம் காணக்கூடிய அந்த நாட்களில் நோயாளி இருப்பது உங்கள் வைத்தியசாலையில் அல்ல, எங்கள் வாங்கில். பிளேட்லட் இறங்கி, வயிற்றுவலி வந்து, பயந்துபோய் வைத்தியசாலை விடுதியில் படுத்த பிறகுதான் தொற்றுநோயை அறிவிக்கும் 544 படிவம் எழுதப்படுகிறது. அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், பதிவேட்டில் ஏறி, பரிசோதகர் வீடு தேடி வருவதற்குள் பிள்ளை குணமாகிப் பள்ளிக்கூடம் போய்விடும். நுளம்பு அதற்காகக் காத்திருப்பதில்லை. நோயாளியிடம் கிருமியை எடுத்த நுளம்பு ஒன்றரைக் கிழமைக்குள் அடுத்தவருக்குக் கொடுக்கத் தயாராகிவிடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் குழு என்ன வேலை செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

போன மாரியில் எங்கள் பதிவுப் புத்தகத்தில் ஒரு விசயம் கண்ணில் பட்டது. பெயர், வயது, ஊர், தொலைபேசி, பரிசோதனை என்று நிரல்கள். ஊர் நிரலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது: பாலையூற்று, மட்டிக்களி, உப்புவெளி, ஆனந்தபுரி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். வயது நிரலில்தான் சங்கதி இருந்தது. 16, 15, 16, 16. அன்டிஜன் எல்லாருக்கும் பொசிட்டிவ். இரத்தம் கொடுத்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு இருந்த பிள்ளையின் தாயிடம் கேட்டேன். "எங்கட வீட்டில ஒரு சொட்டுத் தண்ணி தேங்கி நிக்காது தம்பி. வந்து பார்த்தவையும் ஒண்டும் இல்லை எண்டுதான் சொல்லிட்டுப் போனவை" என்றார். சரி, பிள்ளை பின்னேரம் எங்கே போகிறா என்று கேட்டேன். ஒரு ரியூஷன் வகுப்பின் பெயரைச் சொன்னார். மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கு அழைத்துக் கேட்டால், அதே வகுப்பு. சாதாரண தரப் பரீட்சைக்குப் பின்னேரம் மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை நடக்கிற வகுப்பு. டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், அதிலும் காலையிலும் மாலை மயங்கும் நேரத்திலும் அதிகம். பிள்ளைகள் அந்த நேரத்தில் வீட்டிலேயே இல்லை.

குழுவில் போட்டேன். அன்று பின்னேரமே பரிசோதகர் போய்ப் பார்த்தார். கொட்டிலின் பின்பக்கம் ஒழுக்குக்குக் கட்டிய நீலத் தறப்பாள் மழைத்தண்ணீர் பாரத்தில் வயிறு தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கழற்றிப் போட்ட ஒரு பழைய மலசலகூடத் தண்ணீர்த்தொட்டி, உடைந்த பிளாஸ்டிக் கதிரைகள். வெள்ளைக் கரண்டியில் ஒரு முறை அள்ளியதும் புழுக்கள் நெளிவது படத்திலேயே தெரிந்தது. அந்தப் படத்தைக் குழுவில் போட்டார். ஆசிரியர் அன்றிரவே ஆள் வைத்து எல்லாவற்றையும் அகற்றினார், வகுப்பையும் சில நாட்களுக்கு நிறுத்தினார். மற்ற ரியூஷன்காரர்களும் தங்கள் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு அந்த வகுப்பிலிருந்து எங்களிடம் யாரும் வரவில்லை. துப்புரவு செய்ததால்தான் நின்றது என்று சத்தியம் செய்யமாட்டேன், மழையும் அந்தக் கிழமை விட்டிருந்தது.

ஆனால் உங்கள் முறைப்படி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள். அறிவித்தல் நோயாளியின் வீட்டு முகவரிப்படிதான் போகிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பரிசோதகரின் பிரிவு. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு வீடு. அவர் போய்ப் பார்ப்பார், வளவு துப்புரவாக இருக்கும், படிவத்தை நிரப்பிக்கொண்டு திரும்புவார். ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார். நோய் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. துண்டு துண்டாக வருவதைச் சேர்த்துப் பார்க்கத்தானே தொற்றுநோயியல் என்று ஒரு துறையும் அதற்கு ஓர் அமைப்பும் இருக்கின்றன? யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்ற மூன்று கேள்விகளைத் தவிர நாங்கள் அந்தக் குழுவில் வேறெதையும் கேட்கவில்லை.

இனி குழுவை மூடிய பிறகு நடந்தது.

மூதூர்ப் பக்கத்து வயல்வெளி ஒன்றில் கூலிக்கு வரம்பு கட்டுகிற ஒருவர், முப்பது வயதுக்காரர், காய்ச்சலோடும் கெண்டைக்கால் வலியோடும் எங்களிடம் வந்தார். வைத்தியர் டெங்கு அன்டிஜன் எழுதியிருந்தார். நெகட்டிவ். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி. "டெங்கு இல்லைத்தானே, அப்ப பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்துப் போய்விட்டார். திரும்ப வைத்தியரிடம் காட்டவில்லை. சில நாட்களில் கண் மஞ்சளாகி, சிறுநீர் போவது நின்று, வைத்தியசாலையில் சேர்த்துச் சிறுநீரகத்துக்கு இயந்திரம் பிடிக்க வேண்டி வந்தது. எலிக்காய்ச்சல். பிழைத்துக்கொண்டார். இன்னும் அவரால் வயலில் இறங்க முடியவில்லை, வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

பிறகு அந்தப் பக்கத்துப் பார்மசிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அதே வயல்வெளியில் வேலை செய்த வேறு இருவர் முந்திய கிழமையே எலிக்காய்ச்சலென்று வைத்தியசாலையில் படுத்திருக்கிறார்கள். அதாவது அரசாங்கத்துக்கு அது தெரியும். படிவம் எழுதப்பட்டிருக்கிறது, பதிவேட்டில் ஏறியிருக்கிறது, மேலிடத்துக்கு அனுப்பும் வாராந்தக் கணக்கிலும் போயிருக்கும். தெரியாமலிருந்தது அந்த மனிதருக்கும், அவரைப் பார்த்த வைத்தியருக்கும், எனக்கும்தான். பழைய குழு இருந்திருந்தால் அந்த இரண்டு நோயாளிகளும் ஒரு வரியாக எங்கள் கைபேசிக்கு வந்திருப்பார்கள். "அண்ணை, வயலில் வேலையா? டெங்கு இல்லையென்றாலும் விட வேண்டாம், திரும்ப வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, அந்த ஒரு வரி போதும்.

தொற்றுநோயியல் அமைப்புகள் வேலை செய்வதில்லை என்று நான் சொல்லவரவில்லை. இந்த நாட்டில் அவை செய்த வேலையை மதிக்கிறவன் நான். தொற்றுநோயை அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1897-ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு 1959-இல் தொடங்கியது. தடுப்பூசித் திட்டத்தை நடத்துவதும் அதுதான். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993-இல் பதிவானார், அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. சண்டைக் காலத்தில்கூடத் தடுப்பூசிக்காகத் துப்பாக்கிகள் அமைதியான நாட்கள் இங்கே இருந்தன. எங்கள் வயதுக்காரர் எல்லாருக்கும் இன்னொன்றும் ஞாபகமிருக்கும்: காய்ச்சலென்று போனால் முதல் வேலையாக விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுப்பார்கள். மலேரியாக் குளிசையான குளோரோகுயினின் கசப்பு நாக்கில் நாள் முழுக்க நிற்கும். அப்படி ஒவ்வொரு காய்ச்சலையும் துரத்தித் துரத்திப் பார்த்ததால்தான் 2012-க்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லாமல் போய், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது.

அதே மலேரியாவின் பழைய கதையையும் நீங்கள் படித்திருப்பீர்கள். 1963-இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். மருந்து தெளிப்பது நின்றது, காய்ச்சலைத் தேடிப் பார்ப்பது தளர்ந்தது. 1969-இல் ஒரே ஆண்டில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா. கண்ணை மூடிக்கொண்ட அந்தச் சில வருடங்களின் விலை அது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1963-இல்தான் அலெக்சாண்டர் லாங்மியூர் என்ற அமெரிக்கத் தொற்றுநோயியலாளர் நோய்க் கண்காணிப்பு என்றால் என்ன என்று எழுதினார். இன்றைக்கும் அந்த விளக்கத்தின் மேல்தான் உங்கள் துறை நிற்கிறது. தரவைத் தொடர்ந்து சேகரிக்க வேண்டும், சேர்த்து அலச வேண்டும், பிறகு அதைத் தந்தவர்களுக்கும் அறிய வேண்டியவர்களுக்கும் தவறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

கொழும்பிலிருந்து வாராந்தத் தொற்றுநோயியல் அறிக்கை வருகிறது. ஆர்வத்தில் நான் அதைப் பார்ப்பவன். கடைசிப் பக்கங்களில் ஒரு பெரிய அட்டவணை. திருகோணமலைக்கு ஒரு வரிசை, கல்முனைக்குக்கூடத் தனி வரிசை. ஒவ்வொரு நோய்க்கும் கீழே இந்தக் கிழமை எத்தனை, வருடத் தொடக்கத்திலிருந்து எத்தனை என்று இரண்டு எண்கள். நல்ல வேலைதான். ஆனால் திருகோணமலை என்ற அந்த ஒற்றை வரிசைக்குள் புல்மோட்டையும் இருக்கிறது, வெருகலும் இருக்கிறது, கந்தளாயும் இருக்கிறது, கிண்ணியாவும் இருக்கிறது. டெங்கு 20 என்று போட்டிருந்தால், அது 20 ஊர்களில் ஒவ்வொருவரா, ஒரே ஒழுங்கையில் 20 பேரா என்று யாருக்குத் தெரியும்? அச்சில் வரும்போது கணக்கு ஏற்கெனவே பழையதாகியிருக்கும். போதாக்குறைக்கு ஆங்கிலம். அட்டவணையின் ஓரத்தில் இன்னும் இரண்டு நிரல்கள் உண்டு: அறிக்கைகள் நேரத்துக்கு வந்தனவா, முழுமையாக வந்தனவா என்று நூற்றுவீதம் போட்டிருப்பார்கள். கீழேயிருந்து மேலே கணக்கு நேரத்துக்குப் போனதா என்று அளக்க ஒரு நிரல் இருக்கிறது. மேலேயிருந்து கீழே எங்களுக்கு நேரத்துக்கு வந்ததா என்று அளக்க ஒரு நிரலும் இல்லை.

அந்தப் பரிசோதகர் தன் கைபேசியில் செய்தது அந்தக் கீழ்நோக்கிய பயணத்தைத்தான். அதற்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை.

பீதி என்கிறீர்கள். திருக்கடலூரிலும் பள்ளத்தோட்டத்திலும் சல்லியிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு வளிமண்டலவியல் திணைக்களம் காற்றைப் பற்றி முன்கூட்டியே சொல்கிறது. சிலவேளை சொன்ன காற்று வராது. அதற்காக "காற்று அடித்து உறுதியான பிறகு சொல்லுவோம், இல்லாவிட்டால் மீனவர்கள் பயப்படுவார்கள்" என்று எவரும் சொல்வதில்லை. போவதா நிற்பதா என்று கடலோடி முடிவெடுப்பான், கணக்கைச் சொல்வது உங்கள் கடமை. கொரோனா காலத்தில் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை சொன்னீர்கள். நாங்கள் கேட்டோம், முகக்கவசம் போட்டோம், வரிசையில் நின்று ஊசி போட்டோம். யாரும் பீதியில் கோணேசர் மலையிலிருந்து குதிக்கவில்லை.

சனம் பயப்படுவது எண்ணிக்கை தெரிந்தபோது அல்ல, தெரியாதபோது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் அடுத்தடுத்து உயிர்கள் போனபோது, அது என்ன காய்ச்சலென்று தெரியாத அந்த நாட்களில்தான் கைபேசிகளில் கண்டகண்ட கதையெல்லாம் ஓடியது. திருகோணமலையிலேயே என்னிடம் வந்து, "அந்தப் புது வைரசுக்கு ரெஸ்ட் இருக்கா" என்று கேட்டார்கள். தொற்றுநோயியல் பிரிவின் குழு போய்ப் பார்த்து, எலிக்காய்ச்சல் என்று வெளிப்படையாகச் சொல்லி, வயலில் இறங்குகிறவர்களுக்கு அதைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கத் தொடங்கியதும் வதந்தி தானாக ஓய்ந்தது. உங்கள் அமைப்பு வாய்திறந்து பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு நான் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

வாய்திறக்கப் பிந்தினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே கிண்ணியா இருக்கிறது. 2017 தொடக்கத்தில் அங்கே டெங்கு பரவியபோது மார்ச் மாதம் பள்ளிக்கூடங்களை மூட வேண்டி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்கள் போதவில்லை, மையித்து (சாவு) வீடுகள் அடுத்தடுத்து வந்தன. அந்த வருடம் நாடு முழுவதும் 186,000-க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு, 400-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிண்ணியாவில் உறவுக்காரர் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஊரில் நிலைமை கைமீறிவிட்டது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று. அம்பியூலன்ஸ் சத்தத்தில் தெரிந்தது என்பார்கள். கணக்கு அதற்கு முன்பே எங்கோ ஒரு கோப்பில் ஏறத் தொடங்கியிருக்கும்.

சுற்றுலாப் பருவம் கெட்டுவிடும் என்றும் ஒருவர் என்னிடம் தனியாகச் சொன்னார். இதற்குப் பதில் எழுதவே கூச்சமாக இருக்கிறது. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வெள்ளைக்காரர் அதிகம் வருவது வருட நடுவில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில். டெங்கும் எலிக்காய்ச்சலும் இங்கே தலைதூக்குவது பெரும்பாலும் வருடக் கடைசியில் தொடங்கும் வாடை மழையோடு.

நோயாளியின் அந்தரங்கம் என்பது நியாயமான கவலை. அதில் நான் உங்கள் பக்கம். சின்ன ஊரில் ஒரே ஒருவருக்கு வந்தால், பெயர் சொல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதிலும் சில நோய்களோடு பழிச்சொல்லும் சேர்ந்தே வரும். அப்படியான நோய்களை விட்டுவிடுங்கள். டெங்கு, எலிக்காய்ச்சல், வயிற்றோட்டம், செங்கமாரி போதும். ஒருவர் இருவர் என்றால் அடுத்த பிரிவோடு சேர்த்துச் சொல்லுங்கள். இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல, எண்களோடு வேலை செய்கிற உங்களுக்குத் தெரியாததும் அல்ல.

இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, மகாவலி பெருகி, மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தபோது அந்தக் குழு இருந்தது. எந்த முகாமில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியிருக்கிறது, எந்தக் கிணற்றுக்குக் குளோரின் போட்டாயிற்று, எதற்குப் போடவில்லை என்று மணிக்கு மணி செய்தி வந்தது. சேறு அள்ளப் போன இளைஞர்களுக்குச் சப்பாத்து வேண்டும் என்று கேட்டதும் நகரத்துக் கடைக்காரர்கள் அனுப்பினார்கள். அப்போது எங்களை வெளியாட்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீர் வடிந்ததும் வெளியாட்கள் ஆகிவிட்டோம்.

எங்கள் தனியார் பக்கத்திலும் பிழை உண்டு, அதை மறைக்கமாட்டேன். அறிவிக்க வேண்டிய நோயைப் பார்க்கிற எந்த வைத்தியரும் அறிவித்தே ஆக வேண்டும் என்பதுதான் சட்டம். அரசாங்க விடுதியில் அது நடக்கிறது. மாலையில் ஐம்பது பேரைப் பார்க்கிற தனியார் அறைகளில் எத்தனை இடத்தில் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். படிவப் புத்தகமே இல்லாத இடங்கள் உண்டு. ஆய்வுகூடத்தில் பொசிட்டிவ் வந்தால் யாருக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று எங்களுக்கு ஒரு வழி காட்டப்படவில்லை. நல்ல மனமுள்ள ஒரு பரிசோதகரின் கைபேசி இலக்கம்தான் இவ்வளவு நாளும் எங்களுக்கு இருந்த ஒரே வழி. இப்போது அவரும், "அண்ணை, இனி எனக்கு அனுப்ப வேண்டாம், பிரச்சினை வரும்" என்கிறார். அவரில் எனக்குக் கோபமில்லை.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

முதலாவது, அந்த வாய்மொழி உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெற முடியாது என்றால், யார், எந்தச் சட்டத்தின் கீழ், என்ன காரணத்துக்காக அதைச் சொன்னார் என்பதை எழுத்தில் தாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016-இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை நிரப்பி உங்கள் மேசைக்கு அனுப்புகிற நிலைக்கு எங்களைத் தள்ள வேண்டாம்.

இரண்டாவது, மாவட்டத்தின் ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும், கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக, கிழமைக்கு ஒரு தடவை காய்ச்சல் கணக்கை வெளியிடுங்கள். தமிழிலும் சிங்களத்திலும். கைபேசியில் மட்டும் போதாது. கிராம உத்தியோகத்தர் பணிமனைச் சுவரிலும், பள்ளிக்கூட அறிவித்தல் பலகையிலும், பள்ளிவாசல், கோவில், தேவாலயம், விகாரை வாசல்களிலும் ஒட்டுங்கள். ஒரு கடதாசி போதும். ஒரு பரிசோதகர் இதைத் தனியாளாகச் செய்துகாட்டிவிட்டார், ஒரு மாவட்டத்தால் முடியாதா?

மூன்றாவது, தனியார் ஆய்வுகூடங்களும் தனியார் வைத்தியர்களும் அறிவிக்க ஒரே ஒரு தொலைபேசி இலக்கமும், அதற்குப் பொறுப்பாகப் பெயர் குறிப்பிட்ட ஓர் உத்தியோகத்தரும் வேண்டும். படிவப் புத்தகங்களைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, ஒரு பின்னேரம் எங்களைக் கூப்பிட்டு நிரப்பும் முறையைச் சொல்லித்தாருங்கள். டெங்கு அன்டிஜன் பொசிட்டிவ் வந்த அன்றே உங்களுக்குத் தெரிய வேண்டும். பெயரையும் முகவரியையும் உங்களுக்குத் தருவது எங்கள் கடமையாக இருக்கட்டும், அதை வெளியே விடாமல் காப்பது உங்கள் கடமை.

நான்காவது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட நோயாளி என்றால் பள்ளிக்கூடம், ரியூஷன், மத்ரசா, அறநெறி வகுப்பு, வேலைக்குப் போகிறவர் என்றால் வேலைத்தலம், இவற்றையும் கேட்டு எழுதுங்கள். வீட்டு முகவரியோடு நின்றால் நான் மேலே சொன்ன தறப்பாள் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். பிரிவு எல்லை தாண்டி வருகிற நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, பரிசோதகர்கள் எல்லாருக்கும் கிழமைதோறும் ஒரு சுருக்கம் அனுப்பும் பொறுப்பை மாவட்ட மட்டத்தில் ஒருவரிடம் கொடுங்கள்.

ஐந்தாவது, பெரும்போக விதைப்புக்கு முன், தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல் விவசாயிகளுக்கு எலிக்காய்ச்சல் பற்றிய அறிவித்தலும், எங்கே எந்த நாளில் டொக்சிசைக்கிளின் கிடைக்கும் என்ற விபரமும் கமநலக் கூட்டங்களிலேயே சொல்லப்பட வேண்டும். வயலில் இறங்கிய பிறகு அல்ல. கூலிக்கு வருகிறவர்கள் கமக்காரர் அமைப்புப் பட்டியலில் இருக்கமாட்டார்கள், அவர்களையும் கணக்கில் எடுங்கள்.

ஆறாவது, அந்தப் பரிசோதகர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. முடிந்தால் அவரைக் கூப்பிட்டு, மற்றப் பிரிவுக்காரர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒக்டோபர் மழை தொடங்குவதற்கு முன் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். பதிலைத் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக வெளியிடுங்கள், மூடப்பட்ட குழுவில் இருந்த எல்லாரும் அதைப் படிக்கக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தனியார் மருத்துவ ஆய்வுகூட ஊழியர் ஒருவர்,
திருகோணமலை.